பால்மரக் கூலியும் கணினிச் சம்பளமும்

சென்ற மாதம் என்னுடைய பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஸ்கூடாயில் குடியிருக்கும் மென்பொருள் பொறியாளர். சிங்கப்பூர் நிறுவனமொன்று அவருக்கு இரண்டு வழிகளைக் காட்டியிருக்கிறதாம். நாள்தோறும் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து அலுவலகம் வந்தால் சிங்கப்பூர்ச் சம்பளம். வீட்டிலிருந்தே வேலை செய்தால் மலேசிய வெள்ளியில், அதில் பாதிக்கும் குறைவு. "வேலை ஒன்றுதானே சார், கூலி மட்டும் ஏன் இரண்டு?" என்றார்.

இக்கேள்வி நம் தோட்டங்களுக்குப் புதிதன்று. இதன் பழைய வடிவை அன்பர்கள் அறிந்துகொள்வது நலம்.

1907-இல் மலாயாவில் இந்தியக் குடியேற்றக் குழு அமைந்தது. தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் செலவுக்குத் தோட்ட முதலாளிகள் எல்லாரும் பணம் கட்டினர். ஆள் வரவு குறையாமல் இருந்தால் கூலி ஏறாது. இதுவே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். பின்னர் 1920-களில் 'நிலைக்கூலி' என்றொரு முறை வந்தது. ஒரு தமிழ்த் தொழிலாளிக்கு மாதம் எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய், துணி தேவை என்று கணக்கிட்டு, அதன்மேல் கூலியை நிறுத்தினார்கள். அப்பத்தாண்டின் இறுதியில், முக்கியப் பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது அதுவே 40 காசும் 32 காசுமாயிற்று. வேடிக்கையைப் பாருங்கள்: விலை ஏறும்போது அளவுகோல் தொழிலாளியின் சோற்றுப்பானை; விலை இறங்கும்போது அளவுகோல் ரப்பர்!

அதே மரத்தை வெட்டிய சீனத் தொழிலாளி கூடுதலாகப் பெற்றார். அவர் திறமையில் மிக்கவர் என்பதனால் அன்று. ஒப்பந்த முறையில் வந்த அவர், கூலி கட்டுபடியாகாவிட்டால் வேறு தொழிலுக்குப் போகக் கூடியவர். லயத்தில் குடியிருந்து கங்காணியின் கண்பார்வையில் வாழ்ந்த நம்மவருக்கு அந்த வழி குறுகியிருந்தது. சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து பார்வையிட்டு, 1937-இல் வெளியான தம் அறிக்கையில் பழைய 50 காசையே மீண்டும் தரவேண்டும் என்றார். தந்தார்கள், மறு ஆண்டே குறைக்க முற்பட்டார்கள். இந்திய அரசு 1938 ஜூனில் உதவிபெற்ற குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் சீனருக்கு நிகரான கூலியும் ஒன்று.

இனி ஜொகூருக்கு வருவோம். 1924-இல் பாலம் திறந்தது. இரு கரையிலும் ஒரே நாணயம்தான் வழங்கியது. 1967-இல் தனித்தனி நாணயம் வந்த பிறகும், 1973 வரை இங்குள்ள ஒரு வெள்ளி அங்கும் ஒரு வெள்ளியே. அவ்வாண்டு அந்த ஏற்பாடு முடிந்தது. இன்றோ, ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று வெள்ளிக்கு மேல் தரவேண்டும். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் வரிசை நிற்கும் இளைஞர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கங்காணி ஆளை வேலை இருக்குமிடத்துக்குக் கொண்டுவந்தார். 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் மென்பொருள் நிலையம் திறந்து, செயற்கைக்கோள் வழியே வேலையை ஆள் இருக்குமிடத்துக்கு அனுப்பியது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பாலம் அடைபட்டபோது, ஜொகூர் இளைஞர் சிலரும் வீட்டு மேசையிலிருந்தே அக்கரை வேலையைச் செய்யக் கற்றனர். அவ்வாண்டு மே மாதமே, இடம் மாறிப் போகும் ஊழியருக்கு அவ்விடத்துக்கு ஏற்பச் சம்பளம் மாறும் என்று பேஸ்புக் அறிவித்தது. வாழ்க்கைச் செலவு குறைந்த ஊரில் சம்பளமும் குறையும் என்பது நியாயம்போல் தோன்றுகிறது. ஆனால், செலவு மிகுந்த வீட்டுக்காரருக்கு எவரும் அதற்காகக் கூலி கூட்டித் தருவதில்லை. ஊழியர் வேறெங்கே எவ்வளவு பெற முடியும் என்பதையே முதலாளி உண்மையில் பார்க்கிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாதிச் சம்பளமேயானாலும் அது ஜொகூர் பாருவின் சிறு நிறுவனங்கள் தருவதைவிட மிகுதி. ஆளை நிறுத்திவைக்க அவையும் ஏற்றித் தரவேண்டியிருக்கிறது. அக்கரையில் உள்ள தொழிலாளிக்கு இது கசக்கும். அவருடைய வேலைதானே இங்கே இறங்கி வருகிறது?

மாணவரிடம் நான் இரண்டு கேட்டேன். வீட்டிலிருந்து செய்தால் ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டுவார்களா? ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டால் இரண்டும் நம் தலையில் விழும். அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். 'ஒப்பந்தக்காரர்' என்றே இருந்தது. பாலத்தில் எத்தனை மணி நேரம் போகிறது? போகவர நான்கு மணி என்றார். அந்த நான்கு மணிக்கும் விலை போட்டு, சேமநிதியையும் சேர்த்து, இரண்டு சம்பளத்துக்கும் இடைப்பட்ட ஒரு தொகையைத் தாளின் பின்புறத்தில் கணக்கிட்டோம். திங்கட்கிழமை அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.