மூழ்கியது போட் மெயில் அல்ல

செங்கல்பட்டில் என் வயதுக்காரர்களிடம் தனுஷ்கோடிப் புயல் பற்றிப் பேச்செடுத்தால், "போட் மெயில் அப்படியே கடலுக்குள்ள போயிடுச்சே" என்றுதான் பலரும் சொல்வார்கள். அப்படி நினைக்கக் காரணம் உண்டு. போட் மெயில் எங்கள் ஊர் வழியாகப் போன வண்டி. எழும்பூரில் புறப்பட்டு, இருட்டிய பிறகு செங்கல்பட்டு ஜங்ஷனைத் தாண்டித் தெற்கே போகும். தெரிந்த வண்டி என்பதால் துக்கத்தையும் அதன் மேலேயே ஏற்றிவிட்டார்கள். ஆனால் 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் கொண்டுபோனது வேறு வண்டி. பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய சின்னப் பாசஞ்சர், எண் 653.

இளைய தலைமுறைக்காக ஒரு விஷயம். அந்தக் காலத்தில் சென்னையில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் நேரே தனுஷ்கோடித் துறைக்கே போனது. இறங்கினால் எதிரே கப்பல். அக்கரையில் தலைமன்னார், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தூரம். அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். போட் மெயில் என்ற பெயரே அப்படி வந்ததுதான். தனுஷ்கோடியில் ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாதா கோயில் எல்லாம் இருந்தன. இராமேஸ்வரம் போகிறவர்கள் தனுஷ்கோடிக்கும் போய், சேதுக்கரையில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் பாதி இதுதான். கோயில், கடல், தீவு மூன்றும் ஒரே டிக்கெட்டில். அரைப்பரீட்சை லீவு விட்ட சமயம் என்பதால் கூட்டமும் இருந்திருக்கும்.

புயலுக்குப் பெயர் கிடையாது. நம் பக்கத்துக் கடல்களில் உண்டாகும் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே 2004-ல்தான் வந்தது. டிசம்பர் 17-ல் தெற்கு அந்தமான் கடலில் உருவாகி, 19-ல் வலுத்து, மேற்கே நகர்ந்து, 22-ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பக்கம் கரையைக் கடந்தது. அங்கே தணிந்துவிடவில்லை. அன்று நள்ளிரவு பாக் நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடி மேல் வந்து விழுந்தது. இருபது அடிக்கு மேல் அலை எழுந்தது என்கிறார்கள். தனுஷ்கோடியோ இரண்டு பக்கமும் கடல் உள்ள மணல்திட்டு. மேடு என்று ஓடி ஏற அங்கே ஒன்றும் இல்லை.

பாசஞ்சர் வண்டி பாம்பனை விட்டபோது இரவு 11.55. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் 5 பேர் என்பது பதிவில் உள்ள கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் தனி. சுற்றுலா வந்த மாணவர்களும் அதில் இருந்ததாகச் சொல்வார்கள். தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சிக்னல் விளக்கு எரியவில்லை. டிரைவர் நிறுத்தினார். கும்மிருட்டு, மழை, காற்று. நீளமாக விசில் கொடுத்துப் பார்த்தார். பதில் இல்லை. பிறகு மெல்ல வண்டியை நகர்த்தினார். ஆறு பெட்டிகளும் போயின. ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த டிரைவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. நின்றிருந்தாலும் அந்த மணலில் அலை விட்டிருக்காது. நான் கேட்பதெல்லாம், அந்த வண்டி பாம்பனை விட்டு ஏன் கிளம்பியது என்பதுதான். அன்று பகலிலேயே புயல் இலங்கைக்கு வந்துவிட்டது. புயல் இருப்பது தெரியும். ஆனால் தெரிந்த செய்தி "இன்று ராத்திரி வண்டி வேண்டாம்" என்ற உத்தரவாக மாறிப் பாம்பன் பிளாட்பாரத்துக்கு வந்து சேரவில்லை. அதன் பிறகு தந்திக் கம்பி அறுந்தது, பாலம் போனது. ரயில் என்ன ஆனது என்று வெளியே தெரிவதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது இராமேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டது ஊரறிந்த கதை. தனுஷ்கோடிக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் இராமேஸ்வரம் திரும்பியதால் தப்பினார்கள் என்பார்கள். அன்று கோயிலுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். தண்ணீர் கோயிலுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. தீவில் அதே நாளில் இருந்தவர்களில் யார் பிழைத்தது, யார் போனது என்பது பெரும்பாலும் சாயங்காலம் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது. இறந்தவர்கள் மொத்தம் 1,800 பேர் அளவில் இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் நின்றது. சீர் செய்ய ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்று குறைத்தார்கள். பொறுப்பேற்ற இளம் இன்ஜினீயர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பிற்பாடு கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் போட்டவர் அவர்தான். பாலம் திரும்பி வந்தது, தனுஷ்கோடி வரவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என்று சென்னை மாகாண அரசு அறிவித்துவிட்டது. கப்பல் துறையை இராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள்.

இதில் பலர் மறந்துவிட்ட ஒன்று. புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களுடைய பாட்டன்மார் தனுஷ்கோடி வழியாகப் போனவர்கள். பேரப் பிள்ளைகள் திரும்பி வந்தபோது அந்தத் துறை இல்லை. தலைமன்னாரில் ஏறி, 'ராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இறங்கினார்கள். 1980-களில் கலவரம் வந்ததும் அந்தக் கப்பலும் நின்றது.

எங்கள் கடற்கரைக்கு வருகிறேன். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. வேகத்தில் தனுஷ்கோடிப் புயலோடு ஒப்பிடவே முடியாது, அது வேறு அளவு. ஆனால் எந்த இடம், எந்த நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஓடாது என்று அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் சேதப்பட்டன, மீனவர் குப்பங்களுக்கு அது சின்ன அடி இல்லை. ஆனாலும் விடுதிகளில் தங்க வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி. பார்த்தார்கள். 11.55-க்கு யாரும் எந்த வண்டியிலும் ஏற வேண்டியிருக்கவில்லை.

2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. இடிந்த மாதா கோயிலின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் போலீஸ்காரர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் போடவில்லை. போட் மெயில் இராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது.