மத்தியதரைக் கடல் கடந்த அன்னபூரணி

மண்டூர் மக்களுக்குப் படகுப் பயணம் புதிதன்று. எழுவான்கரைக் குருமண்வெளியிற் படகேறி, மட்டக்களப்பு வாவியைக் கடந்து, படுவான்கரையிலுள்ள மண்டூரை அடைதல் நெடுங்கால வழக்கம். கந்தசுவாமி கோயில் திருவிழாவிற்கு அடியார் பலர் வருவதும் இத்துறை வழியேயாம். நிலஞ் சூழக் கிடந்து, ஒடுங்கிய முகத்துவாரங்களாற் கடலோடு சேர்வது இவ்வாவி. இவ்வமைப்பினைப் பேருருவில் உடையது மத்தியதரைக் கடல். நிலத்தின் நடுவே கிடக்குங் கடல் என்பதே அப்பெயரின் பொருள். ஈழத் தமிழர் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று அக்கடலையுங் கடந்து அமெரிக்கா சென்ற வரலாறு, வாவிக்கரை மக்களும் அறிந்து மகிழ்தற்குரியது.

அக்கப்பலின் பெயர் அன்னபூரணி. யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் 1930 ஆம் ஆண்டு கட்டப்பெற்றது. 89 அடி நீளமும் இரு பாய்மரங்களும் உடையது. பாய்க்கப்பலிலே உலகைச் சுற்றி வந்து புகழ்பெற்ற அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என மாற்றிப் பெயரிட்டார். பெயர் மாறிற்று, பாய் விரித்த கைகள் மாறவில்லை. தம்பிப்பிள்ளை என்பாரும் அவருடைய ஊரவர் நால்வருமாக ஐவர் அதிற் பணிபுரிந்தனர்.

1937 இல் இலங்கையை விட்ட அக்கப்பல் அரபிக்கடல், செங்கடல், சுயெஸ் கால்வாய் ஆகியவற்றைக் கடந்து மத்தியதரைக் கடலுட் புகுந்தது. அவ்வாயில்வரை தமிழர் வந்தமை அதுவே முதன்முறையன்று. செங்கடற் கரையிலுள்ள பண்டைத் துறைமுகங்களில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய பானையோடுகள் கிடைத்துள்ளன. அக்காலத்துச் சரக்குகள் செங்கடற் கரையில் இறங்கி, ஒட்டகத்தின் மீதும் நைல் நதி வழியாகவும் அலெக்சாந்திரியாவை அடைந்தன. 1869 இல் கால்வாய் திறந்த பின்னரே கப்பல் தானே நேராகச் செல்லும் வழி பிறந்தது.

வாடையும் சோளகமும் பருவந் தவறாது வீசும் கடலிற் பழகியோருக்கு மத்தியதரைக் கடல் வேறோர் உலகம். ஆங்குக் காற்றுக்கு அத்தகைய நிலையான முறைமை இல்லை. கால்வாயின் வடமுனையான போர்ட் சயிட்டிலிருந்து மேற்கெல்லையான ஜிபுரால்டர் சுமார் 1,900 கடல்மைல். அவ்வெல்லையே மிகக் கடினமான இடம். மழைக்காலத்திலே மட்டக்களப்பு வாவியின் நீர் முகத்துவாரத்தால் வெளியே பாயும். மத்தியதரைக் கடலிலோ, ஆறுகளும் மழையும் தரும் நீரினும் வெயிலால் ஆவியாகும் நீர் மிகுதி. ஆதலின் அத்திலாந்திக்கின் மேல்நீர் உள்ளே பாய்கின்றது. ஏறத்தாழ 14 கிலோமீற்றர் அகலமே உள்ள அந்நீரிணையில், மேல்காற்று வீசும்போது வெளியேறும் பாய்க்கப்பல் நீரோட்டம், காற்று இரண்டையும் எதிர்த்தல் வேண்டும். ஓரூரில் உடன்பிறந்தார்போற் பழகியோர் ஒருவர் குறிப்பை ஒருவர் அறிந்து பாய் திருப்பும் ஒற்றுமை அவ்விடத்திற் பேருதவியாம்.

அந்நீரிணை கடந்து, அத்திலாந்திக்கில் பெர்மியூடாத் தீவையும் அடைந்து, 1938 ஆகஸ்ட் 1 ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையிற் கப்பல் நங்கூரமிட்டது.

கப்பலின் புதிய பெயர் அமெரிக்க ஏடுகளில் நிலைத்தது. ஆயின் அதனைக் கட்டிய ஓடாவியரின் கணக்கும், காற்றறிந்து பாய் மாற்றிய மாலுமிகளின் நுணுக்கமும் பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்ந்து, அவர்களோடு மறைந்தன. வாங்கியவர் பெயரை வரலாறு எளிதிற் போற்றும். செலுத்தியவர் பெயரை அவர்தம் ஊரே காத்தல் வேண்டும். வாவியின் ஆழமும் காற்றும் சேற்றுத்திடலும் அறிந்த படகோட்டிகள் மண்டூர்த் துறையிலும் உளர். அவர் அறிவைக் கேட்டெழுதி வைத்தல் அவ்வூர் மாணவர்க்கு இயலாத செயலன்று; காலந் தாழ்த்தத்தக்கதும் அன்று.