மன்றத்தில் நான்கு மொழிகள்: கேள்வி நேரமும் தமிழும்

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் அமர்வு நாளில் முதன்மையான பகுதி கேள்வி நேரமாகும். உறுப்பினர்கள் முன்னறிவிப்புத் தந்த வினாக்களுக்கு அமைச்சர்கள் விடையளிப்பர். விடையைக் கேட்டபின் உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி தொடுப்பார். அதன்பின் சட்ட முன்வரைவுகள் விவாதத்துக்கு வரும். இவற்றுள் எப்பகுதியிலும் தமிழில் பேச உறுப்பினருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை வந்த வழியையும் அதன் இன்றைய நிலையையும் இங்கே காண்போம்.

1955இல் ரெண்டல் அரசியலமைப்பின்படி அமைந்த சட்டமன்றத்தில் 32 உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களுள் 25 பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வாக்காளர் தொகை ஏறத்தாழ 300,000 ஆகப் பெருகியிருந்தது. அவர்களில் மிகப் பலர் ஆங்கிலம் அறியாதவர்கள். ஆயினும் மன்றத்தின் விவாத மொழி ஆங்கிலம் மட்டுமே. இம்முரண்பாட்டை நீக்கும் பொருட்டு, டேவிட் மார்ஷல் முதலமைச்சராக இருந்த 1956இல், ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கும் விவாத மொழிகளாக வேண்டும் எனச் சட்டமன்றம் தீர்மானித்தது. 1959இல் 51 உறுப்பினர்களோடு கூடிய புதிய சட்டமன்றத்தில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று அரசியலமைப்பின் 53ஆம் விதி இவ்வுரிமையைத் தாங்கி நிற்கிறது.

உரிமையை நடைமுறையாக்கியவர்கள் உரைபெயர்ப்பாளர்கள். அவர்களுடைய பணியின் அருமையை மொழியியல் நோக்கில் எளிதில் விளக்கலாம். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும். 'இம்முன்வரைவின் மூன்றாம் பிரிவில் கண்ட திருத்தத்தை நான்' என்று உறுப்பினர் தொடங்குகிறார். அவர் 'ஆதரிக்கிறேன்' என்று முடிப்பாரா, 'ஆதரிக்கவில்லை' என்று முடிப்பாரா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். ஆங்கிலத்திலோ அந்த நிலைப்பாடு எழுவாயை அடுத்தே வந்துவிட வேண்டும். ஆகவே உரைபெயர்ப்பாளர் முழுத் தொடரையும் நினைவில் தாங்கிக் காத்திருக்கிறார். அதற்குள் அடுத்த தொடர் தொடங்கிவிடுகிறது.

53ஆம் விதியை மாணவர்கள் ஒருமுறை கருத்தூன்றிப் படித்தல் நலம். சட்டமியற்றும் மன்றம் வேறு வகை செய்யும் வரை என்னும் நிபந்தனையோடுதான் அது தொடங்குகிறது. எனவே இவ்வுரிமை மாற்ற இயலாத ஒன்றன்று. அதைப் பயன்படுத்துவோர் இருப்பதே அதற்குரிய வலுவான காப்பு என நாம் கருதுகிறோம்.

எழுதி வந்த உரையைத் தமிழில் வாசிப்பதற்குப் பயிற்சி போதும். துணைக் கேள்வியின் இயல்பு வேறு. அமைச்சரின் விடையில் எது விடுபட்டது என்பதைக் கேட்ட கணமே உணர்ந்து, கையில் தாளின்றி, சுருக்கமாகவும் மரியாதையாகவும் வினவ வேண்டும். மருத்துவக் கட்டணம், வீடமைப்பு, ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவற்றைத் தமிழிலேயே சிந்திக்கப் பழகியவர்க்கே அது கைகூடும்.

அப்பழக்கம் வகுப்பறையில் தொடங்கலாம். ஒரு மாணவர் பொதுச் செய்தி ஒன்றை விளக்கட்டும்; மற்றொருவர் குறிப்பின்றி எழுந்து அவ்விளக்கத்தின் மீது ஒரு துணைக் கேள்வி கேட்கட்டும். ஆசிரியர்கள் வாரத்துக்குப் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்க வேண்டுமென நாம் கேட்டுக்கொள்கிறோம்.