சாத்தான்குளம் வட்டாரத்தில் அனல்மின், அணுமின் உற்பத்தி: சூழல், அரசியல் விளைவுகள்

தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளத்துக்குத் தென்மேற்கே, நேர்க்கோட்டில் ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில் கூடங்குளம் அணுமின் நிலையம் உள்ளது. வடகிழக்கே ஏறக்குறைய 45 கி.மீ. தொலைவில் தூத்துக்குடி அனல்மின் நிலையமும், கிழக்கே கடலோரத்தில் தலா 660 மெகாவாட் திறனுடைய இரு அலகுகள் கொண்ட உடன்குடி அனல்மின் திட்டமும் அமைந்துள்ளன. நிலக்கரி, அணு ஆகிய இரு எரிபொருள்களின் விளைவுகளையும் ஒரே நிலப்பரப்பில் வைத்து ஆராய இடம் தரும் பகுதி இது. கேடு உண்டாகும் விதத்தில் இரண்டும் வேறுபடுகின்றன. எனினும் மின்சாரம் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செல்ல, அதன் சுமை உற்பத்தியாகும் கரையிலேயே தங்கிவிடுவது இரண்டுக்கும் பொது.

நிலமும் பிழைப்பும்

1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்படும்வரை சாத்தான்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மழை குறைந்த இப்பகுதியில் செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் பரந்துள்ளன. உடன்குடிக் கருப்பட்டி பெயர் பெற்றது. உள்நாட்டில் பனைத்தொழிலும் வேளாண்மையும், இடிந்தகரை, பெரியதாழை, மணப்பாடு முதலிய கடலோர ஊர்களில் மீன்பிடித்தலும் முதன்மைப் பிழைப்புகள். தூத்துக்குடியைச் சுற்றி உப்பளங்கள் உள்ளன. காற்று, கடல்நீர், ஆற்றுநீர் ஆகியவற்றில் எது கெட்டாலும் இத்தொழில்களில் ஒன்று நேரடியாக அடிவாங்கும்.

அனல்மின் உற்பத்தி

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் அது தலா 210 மெகாவாட் திறனுடைய ஐந்து அலகுகளாக, மொத்தம் 1,050 மெகாவாட்டாக வளர்ந்தது. தமிழ்நாடு மின்வாரியமும் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமும் இணைந்து அமைத்த 1,000 மெகாவாட் நிலையம் 2015இல் உற்பத்தியைத் தொடங்கியது. இப்பகுதியில் நிலக்கரி கிடைப்பதில்லை. ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கும் வருகிறது.

இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 டன் எரித்தால் 30 முதல் 40 டன் வரை சாம்பல் மிஞ்சும். அதில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைகளுக்கும் சாம்பல் செங்கல் தயாரிப்புக்கும் செல்கிறது. எஞ்சியது தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைகளில் விடப்படுகிறது. குட்டை காய்ந்து காற்று வீசினால் அந்தத் தூசு உப்பளங்களிலும் வீடுகளிலும் படியும். சாம்பலில் பாதரசம், ஆர்செனிக் போன்றவையும் சிறிய அளவில் உண்டு. புகைபோக்கி வழியே கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகள்களும் வெளியேறுகின்றன. இவை நுரையீரலையும் இதயத்தையும் பாதிப்பவை. இவற்றைக் கட்டுப்படுத்த ஒன்றிய அரசு 2015 டிசம்பரில் வரம்புகளை அறிவித்தது. ஆனால் கந்தகத்தை நீக்கும் கருவிகளைப் பொருத்துவதற்கான காலக்கெடு பலமுறை தள்ளிவைக்கப்பட்டது.

நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 820 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயுக்களை வெளியிடுகிறது. அணு மின்சாரத்துக்கு இது ஏறக்குறைய 12 கிராம். இவை 2014இல் வெளியான ஐ.நா. பருவநிலைக் குழுவின் மதிப்பீடுகள். சுரங்கம் முதல் கழிவுவரை எல்லாக் கட்டங்களும் இவற்றில் அடங்கும். இவ்வாயுக்களால் கடல் வெப்பமடைந்தால் பவளப்பாறைகள் வெளுத்துப்போகும். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா (1986) தூத்துக்குடிக் கரையை ஒட்டியே தொடங்குகிறது என்பதால் இந்த ஆபத்து இப்பகுதிக்கு மிக நெருக்கமானது.

அணுமின் உற்பத்தி

கூடங்குளத்தில் ரஷ்யாவின் வி.வி.இ.ஆர். வகையைச் சேர்ந்த, தலா 1,000 மெகாவாட் அழுத்தநீர் உலைகள் அமைக்கப்படுகின்றன. முதல் அலகில் தொடர்வினை 2013 ஜூலையிலும், இரண்டாம் அலகில் 2016 ஜூலையிலும் தொடங்கியது. மேலும் நான்கு அலகுகள் சேரும்போது மொத்தத் திறன் 6,000 மெகாவாட் ஆகும்.

ஓர் உலை ஏறக்குறைய 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி வெப்பத்தைக் கடல்நீர் ஏந்திக்கொண்டு திரும்புகிறது. திரும்பும் நீர் கடலின் இயல்பு வெப்பத்தைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயரக்கூடாது என்பது சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனை. கரையோர மீன்வளம் இதனால் குறையும் என்பது மீனவர்களின் அச்சம்.

அணு உலையில் சாம்பலும் புகையும் இல்லை. அதன் ஆபத்து விபத்திலும் கழிவிலும் உள்ளது. செர்னோபில் (1986), புகுஷிமா (2011) விபத்துகளில் சிதறிய சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகும். பயன்படுத்திய எரிபொருளிலுள்ள புளூட்டோனியம்-239க்கு அது ஏறக்குறைய 24,000 ஆண்டுகள். உருகிய எரிபொருளைத் தாங்கும் அமைப்பும், மின்சாரமின்றியே வெப்பம் தணிக்கும் அமைப்பும் கூடங்குளத்தில் உள்ளன. விபத்துக்கால அவசரத் திட்டம் 16 கி.மீ. ஆரமுள்ள பகுதிக்கு வகுக்கப்பட்டது. இடிந்தகரை அதற்குள் அடங்கும். சாத்தான்குளம் வெளியே இருக்கிறது.

ஆற்றுநீர்

கொதிகலனுக்கும் நிலையப் பயன்பாட்டுக்கும் நன்னீர் தேவை. தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன் நீர் எடுக்கும் திட்டம், தூத்துக்குடி அனல்மின் நிலையம் உள்ளிட்ட ஆலைகளுக்கு உதவியது. கடைமடை வயல்கள் காயும்போது ஆற்றுநீர் ஆலைக்குப் போவதை விவசாயிகள் தொடர்ந்து எதிர்த்தனர். கூடங்குளத்துக்குப் பேச்சிப்பாறை அணை நீரைக் கொண்டுவரும் முதல் திட்டமும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பின்னர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கு அமைக்கப்பட்டது.

அரசியல் விளைவுகள்

1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் மிகயீல் கொர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் மீனவர் அமைப்புகள் நடத்திய பேரணி போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. சோவியத் ஒன்றியம் சிதைந்ததும் கிடப்பில் விழுந்த திட்டம் 1998இல் துணை ஒப்பந்தம் மூலம் உயிர்பெற்றது. கட்டுமானம் 2002இல் தொடங்கியது.

புகுஷிமா விபத்துக்குப் பின் 2011இல் போராட்டம் வலுத்தது. சுப. உதயகுமார் ஒருங்கிணைத்த அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கத்துக்கு இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகம் களமானது. பெண்கள் பந்தலில் உட்கார்ந்து பீடி சுற்றியபடியே தொடர் உண்ணாவிரதத்தில் பங்கேற்றனர். கூலியையும் விடமுடியாது, போராட்டத்தையும் விடமுடியாது என்பது அவர்கள் நிலை. மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்துமாறு 2011 செப்டம்பர் 22 அன்று தமிழ்நாடு அமைச்சரவை தீர்மானித்தது. சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், 2012 மார்ச் 19 அன்று, அதே அமைச்சரவை நிலையத்தைத் திறக்க ஒப்புதல் அளித்து, வட்டார வளர்ச்சிக்கு ரூ.500 கோடி அறிவித்தது. அப்போது மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு நிலவியது. கூடங்குளத்தை ஆதரித்தோரின் முதன்மை வாதம் அதுவே.

2012 செப்டம்பர் 10 அன்று நிலையத்தை நோக்கிச் சென்றவர்களைப் போலீஸ் தடியடியாலும் கண்ணீர்ப்புகையாலும் கலைத்தது. அதே நாளில் மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். தேசத்துரோகப் பிரிவு உட்படப் பல பிரிவுகளில் ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குகள் பதிவாயின. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்க அனுமதித்து, பாதுகாப்பு, கழிவு மேலாண்மை பற்றி 15 நெறிமுறைகளை விதித்தது. போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப்பெற முயலுமாறும் அது கூறியது.

நிலக்கரித் திட்டங்களும் எதிர்ப்பின்றி வரவில்லை. உடன்குடிக்கு நிலக்கரி இறக்கக் கல்லாமொழியில் கடலுக்குள் நீளும் இறங்குதளத்தால் வலை விரிக்கும் இடம் பறிபோவதாக மீனவர்கள் போராடினர்.

பங்கீடும் பொறுப்பும்

கூடங்குளத்தின் முதல் இரு அலகுகளின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925, கர்நாடகத்துக்கு 442, கேரளத்துக்கு 266, புதுச்சேரிக்கு 67 மெகாவாட் என ஒதுக்கப்பட்டது. 2010இல் நிறைவேறிய அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம், நிலையத்தை இயக்கும் நிறுவனத்தின் பொறுப்பை ரூ.1,500 கோடியில் நிறுத்தியது. உலையை விற்ற நிறுவனத்தின் பொறுப்பு எவ்வளவு என்பது நீண்ட விவாதமானது.

முதல் ஒப்பந்தத்தின்படி பயன்படுத்திய எரிபொருள் சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்பவேண்டும். பின்னர் அது இந்தியாவிலேயே வைக்கப்படும் என மாற்றப்பட்டது. நிலைய வளாகத்தில் தனிச் சேமிப்புக் கூடம் அமைக்க 2019 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. சாம்பல் குட்டையாயினும் எரிபொருள் கிடங்காயினும், அதன் அருகே தலைமுறை தலைமுறையாக வாழவேண்டியவர்களின் ஒப்புதலைத் திட்டம் தொடங்குமுன் பெறுவதே இக்கடற்கரையின் வரலாறு வலியுறுத்தும் தேவை.