சிறைக்குள் போதைப்பொருள் பிடிபட்டால்: இத்தாலியில் 15 நாளும் 45 நாளும்

வியா மக்வேதாவில் எம்மவருக்கு வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கும் எங்களிடம் சிலவேளை சிறைக் கடிதமும் வரும். பலெர்மோவில் பெரியவர்களுக்கு உச்சியார்தோனே, பல்யரெல்லி என இரண்டு சிறைகள். உள்ளே இருக்கும் பிள்ளையிடம் கஞ்சா பிடிபட்டதாம். தண்டனை எத்தனை வருடம் கூடும் என்று தாய் கேட்பார்.

சொந்தப் பாவனைக்கென்றால் வருடம் கூடாது. 1990ஆம் ஆண்டின் 309ஆம் இலக்கச் சட்டத்தில் அது நிர்வாக நடவடிக்கைக்குரியது மட்டுமே. ஆனால் தடைசெய்த பொருளை வைத்திருந்தது சிறை ஒழுங்கை மீறியதாகும். அதற்கான தண்டனைகளை 1975ஆம் ஆண்டின் 354ஆம் இலக்கச் சட்டம், 39ஆம் பிரிவில் வரையறுக்கிறது: கண்டிப்பு, மற்றக் கைதிகள் முன்னிலையில் எச்சரிக்கை, 10 நாள் வரை விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் தடை, 10 நாள் வரை முற்றத்து நேரத்தில் தனிமை, 15 நாள் வரை கூட்டு நடவடிக்கைகளிலிருந்து விலக்கு. கடைசித் தண்டனையைக் கைதியின் உடல் தாங்கும் என்று வைத்தியர் எழுதித்தர வேண்டும். அடி, பட்டினி எதுவும் சட்டத்தில் இல்லை. ஊர்ச் சிறைகளை அறிந்தவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

15 நாள்தானே என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. சீர்திருத்தத்தில் ஒழுங்காகப் பங்குபற்றும் கைதிக்கு ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் 45 நாள் கழிவு உண்டு. வருடத்துக்கு 90 நாள். ஒழுக்காற்றுத் தண்டனை பதிவானால், அந்த அரையாண்டுக் கழிவைத் தண்டனைகளை மேற்பார்வை செய்யும் நீதவான் மறுக்கக்கூடும்.

அதே நீதவானிடம்தான் முறையிடவும் வேண்டும். தண்டனை அறிவிக்கப்பட்டதிலிருந்து 10 நாள் அவகாசம். கடிதம் வந்து, வாசிக்க ஆள் தேடி, எங்களிடம் வரும்போது அது பெரும்பாலும் முடிந்திருக்கும். பிள்ளை தொலைபேசியில் சொன்ன அன்றே சட்டத்தரணியிடம் போங்கள். கடுமையான கடைசி இரண்டு தண்டனைகளில் நீதவான் நடைமுறையை மட்டுமல்ல, தண்டனை நியாயமா என்பதையும் பார்ப்பார்.

மற்றவருக்குக் கொடுத்திருந்தால் அது 73ஆம் பிரிவுக் குற்றம். சிறைக்குள் கொடுத்தால் தண்டனை மூன்றிலொன்று முதல் பாதி வரை கூடும். பார்க்கப் போகும்போது உடுப்புக்குள் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் உறவினருக்கும் இதுவே. சொஜோர்னோவும் ஆட்டம் காணும். சிறிய அளவு வழக்கென்றாலே வேலை அனுமதிப் புதுப்பிப்பை மறுக்கும் விதியை 2023இல் அரசியலமைப்பு நீதிமன்றம் 88ஆம் இலக்கத் தீர்ப்பால் நீக்கியது. இப்போது ஆளின் நிலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளை அடிமைப்பட்டிருந்தால் 94ஆம் பிரிவைக் கேளுங்கள். தண்டனையோ அதன் மீதியோ பொதுவாக 6 வருடத்துக்கு மேற்படாவிட்டால், வெளியே சிகிச்சை பெற்றபடி அதைக் கழிக்க விண்ணப்பிக்கலாம். அரச சுகாதாரச் சேவையோ அங்கீகாரம் பெற்ற நிலையமோ தரும் சான்றிதழை அதோடு சேர்க்க வேண்டும்.