மூன்றாம் தளத்தில் ஒரு வெற்றிடம்

விளையாட்டு அணிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆட்டம் நடைபெற்ற நாட்களைப் பற்றியே எழுதுகிறார்கள். ஆனால், அணியொன்றின் தலைவிதி பல சந்தர்ப்பங்களில் ஆட்டம் எதுவும் நடைபெறாத மாதங்களிலேயே தீர்மானிக்கப்படுகிறது. அமெரிக்க பேஸ்போலில் ஒக்டோபர் இறுதியில் இருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரையான குளிர்காலம் அத்தகையது. மைதானங்கள் வெறிச்சோடிக் கிடக்க, அணிகளின் காரியாலயங்களில் மாத்திரம் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். 2003-2004 குளிர்காலத்தில் நியூயோர்க் யாங்கீஸ் அணி அதன் மூன்றாம் தளத்தில் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பிய கதை அந்த வகையில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அது வெறுமனே ஒரு வீரரைத் தேடிய கதை அல்ல. கண்ணுக்குத் தெரிந்த குறையை நிவர்த்தி செய்வதில் காட்டும் வேகம் கண்ணுக்குத் தெரியாத குறையை எவ்வாறு மறைத்துவிடும் என்பதற்கு அது நல்லதோர் உதாரணம்.

கிரிக்கெட்டில் மாத்திரம் பரிச்சயமான வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம் அவசியம். பேஸ்போலில் சதுர வடிவில் நான்கு தளங்கள் உண்டு. அடுத்தடுத்த தளங்களுக்கு இடையிலான தூரம் 90 அடி. வலதுகைத் துடுப்பாட்ட வீரர் முழுப்பலத்துடன் இழுத்து அடிக்கும் பந்து மூன்றாம் தளத்தை நோக்கியே பாய்ந்து வரும். யோசிப்பதற்கு நேரமில்லை. பந்தைப் பிடித்தவுடன் மைதானத்தின் குறுக்கே சுமார் 127 அடி தூரத்தில் உள்ள முதலாம் தளத்துக்கு அதைக் குறிதவறாமல் எறியவேண்டும். அமெரிக்கர்கள் இந்த இடத்தை 'சூடான மூலை' என்று அழைப்பதில் வியப்பில்லை. அதேவேளை, அங்கு நிற்பவர் பலமாக அடித்து ஓட்டங்களைக் குவிப்பவராகவும் இருக்கவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இந்த இரு தகைமைகளும் ஒருங்கே அமைந்தவர்கள் எந்தக் காலத்திலும் அரிதானவர்களே.

2003 ஜூலை 31 ஆம் திகதி, வீரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான இறுதி நாளில், யாங்கீஸ் அணி சின்சினாட்டி அணியிடமிருந்து ஆரன் பூன் என்ற மூன்றாம் தள வீரரைப் பெற்றுக்கொண்டது. அதுவரை அந்த இடத்தில் விளையாடிய ரொபின் வென்ச்சுரா அதே நாளில் லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். பாட்டனார், தந்தை, சகோதரர் என்று மூன்று தலைமுறையாக பேஸ்போல் ஆடிவந்த குடும்பத்தின் பிள்ளையாக இருந்தபோதிலும், நியூயோர்க்கில் பூனின் துடுப்பு பெரிதாகப் பேசவில்லை. பரம வைரியான பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணிக்கு எதிரான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில் அவர் ஆரம்ப அணியில் கூட இடம்பெறவில்லை. அவருக்குப் பதிலாக என்ரிக் வில்சன் மூன்றாம் தளத்தில் நிறுத்தப்பட்டார். பூன் எட்டாவது இன்னிங்ஸில் மாற்று ஓட்டக்காரராகவே களமிறக்கப்பட்டார்.

அந்த ஆட்டம் ஒக்டோபர் 16 ஆம் திகதி ஆரம்பித்து நள்ளிரவைத் தாண்டியும் நீடித்தது. பதினோராவது இன்னிங்ஸில் பொஸ்டனின் ரிம் வேக்ஃபீல்ட் வீசிய முதற்பந்தையே பூன் இடதுபுறப் பார்வையாளர் பகுதிக்குள் அடித்து அனுப்பினார். யாங்கீஸ் 6-5 என்று வென்று உலகத் தொடருக்குச் சென்றது. அங்கு ஃபுளோரிடா மார்லின்ஸ் அணியிடம் தோல்வி கண்டபோதிலும், அந்த ஒரேயொரு அடி பூனை நியூயோர்க்கின் நாயகனாக்கியது. 2004 பருவத்துக்கு அவருடன் 57.5 இலட்சம் டொலர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. மூன்றாம் தளத்தைப் பற்றிய கவலை முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

2004 ஜனவரி நடுப்பகுதியில் பூன் நண்பர்களுடன் கூடைப்பந்தாட்டம் ஆடியபோது இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் விளையாட முடியாது என்பது தெளிவாகியது. வீரர்களுடனான ஒப்பந்தத்தில் கூடைப்பந்தாட்டம் தடைசெய்யப்பட்டிருந்தது. தடைசெய்யப்பட்ட விளையாட்டில் ஈடுபட்டுக் காயமடைந்தால் சம்பளத்தை வழங்கவேண்டிய கடப்பாடு அணிக்கு இல்லை. உடற்பயிற்சியின்போது கால் இடறியது என்று அவர் ஒரு கதையைச் சொல்லியிருக்கலாம். ஆனால், நடந்ததை நடந்தபடியே அணி நிருவாகத்திடம் கூறினார். அதன் விளைவாக பெப்ரவரி இறுதியில் 30 நாள் சம்பளத்துடன் அணியில் இருந்து விடுவிக்கப்பட்டார். பல மில்லியன் டொலர்களை இழந்து உண்மையைப் பேசுவது தொழில்முறை விளையாட்டில் நாளாந்தம் காணக்கூடிய காட்சியல்ல.

யாங்கீஸ் அணியின் பொது முகாமையாளர் பிரையன் காஷ்மனைப் பொறுத்தவரை, காயம் ஏற்பட்ட நேரமே பெரும் சிக்கலாக இருந்தது. ஒப்பந்தமற்ற வீரர்களில் தரமானவர்கள் ஏற்கெனவே விலைபோய்விட்டார்கள். பயிற்சி முகாம் தொடங்குவதற்கு ஒரு மாதம் கூட இருக்கவில்லை. உரிமையாளர் ஜோர்ஜ் ஸ்ரைன்பிரெனரோ பொறுமைக்குப் பெயர்பெற்றவர் அல்லர்.

காஷ்மனின் முன்னால் இருந்த தெரிவுகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்க்கலாம். முதலாவது தெரிவு, கையில் இருந்தவர்களைக் கொண்டு சமாளிப்பது. என்ரிக் வில்சனும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்த மிகுவேல் கைரோவும் பல இடங்களிலும் விளையாடக்கூடிய உதவி வீரர்கள். செலவு குறைவு. ஆனால், 162 ஆட்டங்கள் கொண்ட பருவம் முழுவதும் மூன்றாம் தளத்தை ஒப்படைக்கக்கூடிய துடுப்பாற்றல் இருவரிடமும் இருக்கவில்லை.

இரண்டாவது தெரிவு, இளம் வீரர் ட்ரூ ஹென்சன். மிச்சிகன் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியில் ரொம் பிரேடியுடன் போட்டியிட்ட இவருக்கு யாங்கீஸ் 2001 இல் 6 வருடங்களுக்கு 17 மில்லியன் டொலர் வழங்கியது. எதிர்கால மூன்றாம் தள வீரர் என்று விளம்பரம் செய்யப்பட்டவர் அவரே. ஆனால், கீழ்மட்ட லீக் ஆட்டங்களில் அவரால் பிரகாசிக்க முடியவில்லை. பூன் காயமடைந்து கதவு திறந்த அதே நாட்களில் ஹென்சன் பேஸ்போலைக் கைவிட்டு, எஞ்சியிருந்த 12 மில்லியன் டொலரையும் துறந்து, அமெரிக்க உதைபந்தாட்டத்துக்குத் திரும்பிச் சென்றார்.

மூன்றாவது தெரிவு, சிறிய பரிமாற்றம். பெப்ரவரி தொடக்கத்தில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியிடமிருந்து மைக் லாம்ப் என்ற வீரர் சொற்ப விலைக்குப் பெறப்பட்டார். ஒரு வருடத்துக்கு ஒட்டுப்போடுவதற்குப் பொருத்தமானவர், ஆனால் ஒட்டுப்போடுவதற்கு மாத்திரமே. அப்போதைய நிலைவரப்படி யாங்கீஸ் அணி வில்சனும் லாம்பும் பகிர்ந்துகொள்ளும் மூன்றாம் தளத்துடன் பருவத்தைத் தொடங்கும் என்றே தோன்றியது.

நான்காவது தெரிவு எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. ஏனென்றால், அந்த மனிதர் மூன்றாம் தள வீரரே அல்லர்.

டெக்சாஸ் அணியின் அலெக்ஸ் ரொட்ரிகஸ் 2000 டிசம்பரில் 10 வருடங்களுக்கு 252 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தவர். 2003 இல் 47 ஹோம் ரன்களை அடித்து அமெரிக்கன் லீக்கின் பெறுமதிமிக்க வீரர் விருதைப் பெற்றார். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையிலான ஷோர்ட்ஸ்ரொப் இடத்தில் சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதையும் வென்றவர். ஆனால், அவரது அணி அதன் பிரிவில் கடைசி இடத்திலேயே கிடந்தது. அவரது சம்பளப் பளுவில் இருந்து விடுபட டெக்சாஸ் விரும்பியது.

முதலில் வலைவீசியது பொஸ்டன். 2003 டிசம்பரில் மன்னி ராமிரெஸையும் ஜோன் லெஸ்ரர் என்ற இளம் பந்துவீச்சாளரையும் கொடுத்து ரொட்ரிகஸைப் பெறுவதற்கு ஏறத்தாழ இணக்கம் காணப்பட்டது. அதற்காகத் தனது சம்பளத்தில் பெரும் தொகையை விட்டுக்கொடுக்க ரொட்ரிகஸ் முன்வந்தார். வீரர்களின் தொழிற்சங்கம் அதை நிராகரித்தது. ஒருவர் தானாக விரும்பியேனும் ஒப்பந்தத்தின் பெறுமதியைக் குறைத்துக்கொண்டால், நாளை ஏனையோரும் அதற்கு நிர்ப்பந்திக்கப்படுவர் என்பது சங்கத்தின் வாதம். தொழிற்சங்க நோக்கில் அதில் நியாயம் இருந்தது. பேச்சுவார்த்தை முறிந்தது.

பூனின் முழங்கால் நியூயோர்க்குக்கு வழி திறந்தது. ஷோர்ட்ஸ்ரொப் இடத்தில் அணித்தலைவர் டெரெக் ஜீற்றர் இருந்தார். நான்கு உலகத் தொடர்களை வென்ற ஜீற்றரை அங்கிருந்து நகர்த்துவதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனவே, இருவரில் சிறந்த களத்தடுப்பாளர் என்று பலரும் கருதிய ரொட்ரிகஸே மூன்றாம் தளத்துக்கு மாறுவதற்குச் சம்மதித்தார். இரண்டாம் தள வீரர் அல்போன்சோ சொரியானோவும் பின்னர் பெயர் குறிப்பிடப்படவிருந்த ஓர் இளம் வீரரும் டெக்சாஸுக்குக் கைமாறினர். எஞ்சியிருந்த 179 மில்லியன் டொலரில் 67 மில்லியனைச் செலுத்த டெக்சாஸ் ஒப்புக்கொண்டது. 2004 பெப்ரவரி 16 ஆம் திகதி பேஸ்போல் ஆணையாளர் பட் செலிக் அங்கீகாரம் வழங்கினார். ஒரு கூடைப்பந்தாட்டத்தின் விளைவாக உலகின் அதிகூடிய சம்பளம் பெறும் பேஸ்போல் வீரர் நியூயோர்க்கின் மூன்றாம் தளத்தில் வந்து நின்றார்.

காஷ்மனின் இராஜதந்திரத்தை மெச்சாதவர்கள் அன்று குறைவு. ஆனால், அதே குளிர்காலத்தில் இன்னொரு வெற்றிடமும் ஏற்பட்டிருந்தது. முன்னைய பருவத்தில் பந்துவீச்சின் தூண்களாக இருந்த ரொஜர் கிளெமென்ஸ், அன்டி பெற்றிட், டேவிட் வெல்ஸ் ஆகிய மூவரும் வெளியேறியிருந்தார்கள். அவர்களின் இடத்துக்குக் கெவின் பிரவுணும் ஹாவியர் வாஸ்கெஸும் வந்தார்கள். பெயர்கள் நிரப்பப்பட்டதால் அந்த வெற்றிடம் எவர் கண்ணிலும் படவில்லை. பத்திரிகைகளின் முதற்பக்கங்களை மூன்றாம் தளம் ஆக்கிரமித்திருந்தது.

2004 பருவத்தில் யாங்கீஸ் 101 ஆட்டங்களில் வென்றது. மீண்டும் பொஸ்டனுடன் லீக் இறுதித் தொடர். முதல் மூன்று ஆட்டங்களிலும் யாங்கீஸுக்கே வெற்றி. ஒக்டோபர் 17 ஆம் திகதி நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், தோல்வியின் விளிம்பில் நின்ற பொஸ்டனின் டேவ் ரொபேர்ட்ஸ் இரண்டாம் தளத்தைத் திருடினார். அடுத்து, மரியானோ ரிவேராவின் பந்தை மைதானத்தின் நடுவால் அடித்து அவரை ஓட்டம் பெறவைத்து ஆட்டத்தைச் சமநிலைப்படுத்தியவர் பில் மில்லர். அவர் யார்? பொஸ்டனின் மூன்றாம் தள வீரர். ஆரவாரம் எதுவுமின்றி 2003 தொடக்கத்தில் ஒப்பந்தம் செய்யப்பட்டு, அதே வருடம் அமெரிக்கன் லீக்கின் அதிகூடிய துடுப்பாட்ட சராசரியைப் பெற்றவர்.

பிறகு நடந்தது வரலாறு. பொஸ்டன் தொடர்ச்சியாக நான்கு ஆட்டங்களில் வென்றது. ஒக்டோபர் 20 ஆம் திகதி ஏழாவது ஆட்டத்தில் பிரவுண் இரண்டாவது இன்னிங்ஸைக் கூடத் தாண்டவில்லை. தளங்கள் யாவும் நிரம்பியிருந்த நிலையில் வந்த வாஸ்கெஸின் முதற்பந்தே ஜொனி டேமனால் ஹோம் ரன்னாக அடிக்கப்பட்டது. யாங்கீஸ் 10-3 என்று தோற்றது. அணியை வீழ்த்தியது மூன்றாம் தளம் அல்ல, பந்துவீச்சு. 1918 க்குப் பிறகு முதற்தடவையாக உலகத் தொடரை வென்ற பொஸ்டன் அணியில் அத்தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானவர், ரொட்ரிகஸுக்குப் பதிலாகக் கொடுத்துவிட நினைத்த அதே மன்னி ராமிரெஸ். பின்னர் 2007 இலும் 2013 இலும் பொஸ்டன் உலகத் தொடரை வென்றபோது லெஸ்ரரும் அந்த அணியில் இருந்தார்.

இதை வைத்து யாங்கீஸின் தெரிவு தவறானது என்று கூறிவிடமுடியாது. ரொட்ரிகஸ் 2005 இலும் 2007 இலும் பெறுமதிமிக்க வீரர் விருதை வென்றார். 2009 உலகத் தொடர் வெற்றியில் அவரது பங்கு பிரதானமானது. ஆனால் அதே 2009 இல், டெக்சாஸில் விளையாடிய 2001 முதல் 2003 வரையான காலப்பகுதியில் ஊக்கமருந்து பாவித்ததாக அவர் ஒப்புக்கொண்டார். வேறொரு ஊக்கமருந்து விவகாரத்துக்காக 2014 பருவம் முழுவதும் தடைசெய்யப்பட்டார். 696 ஹோம் ரன்களுடன் 2016 ஓகஸ்டில் அவர் விடைபெற்றபோது, பெருமையும் சங்கடமும் கலந்ததாகவே அந்தப் பிரியாவிடை இருந்தது. எடை போட்டவர்கள் அவரது துடுப்பையும் சம்பளத்தையும் எடை போட்டார்கள். எடை போட முடியாதவை பிறகு வெளிப்பட்டன.

முழங்காலையும் சம்பளத்தையும் இழந்த ஆரன் பூன் வேறு பல அணிகளில் விளையாடி ஓய்வுபெற்றார். 2017 டிசம்பரில் யாங்கீஸ் அணியின் முகாமையாளராக அவரையே காஷ்மன் நியமித்தார். அன்று வெளியே அனுப்பியவரும் இன்று உள்ளே அழைத்தவரும் ஒருவரே. 2004 இல் பூன் சொன்ன உண்மைக்குக் கிடைத்த வெகுமதி இது என்று கூறுவது மிகையாகிவிடும். ஆனால், ஒப்பந்தத்தை மீறியவர் மீது ஏற்பட்ட கோபம், அவரது நேர்மை மீதான நம்பிக்கையை அழித்துவிடவில்லை என்பதையாவது அந்த நியமனம் காட்டுகிறது.

2025 பருவம் தொடங்கியபோது யாங்கீஸின் மூன்றாம் தளம் மீண்டும் ஒரு கேள்விக்குறியாகவே இருந்தது. ஒஸ்வால்டோ கப்ரேராவிடம் அது ஒப்படைக்கப்பட்டது. மே மாதம் அவரது கணுக்கால் முறிந்தது. ஜூலையில் கொலராடோ அணியிடமிருந்து ரயன் மக்மேகன் வரவழைக்கப்பட்டார். அந்தத் தெரிவுகளைச் செய்த பொது முகாமையாளர் அதே காஷ்மன். அவர்களைக் களத்தில் நிறுத்தியவர், ஒருகாலத்தில் அந்த இடத்தை வெறுமையாக்கிச் சென்ற அதே ஆரன் பூன்.