ஜோடியாகக் கப்பலேறிய காலம்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் வல்லம். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் மல்லாட்டை, அதுவும் பொய்த்தால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அப்படித்தான் என் ஆயாவும் தாத்தாவும் 1937-இல் மலாயாவுக்குப் போனார்கள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. போவது என்று முடிவெடுத்த பிறகும், மலாயாவுக்குப் போயிருந்த கங்காணி திரும்பி வருவதற்காக ஒரு வெள்ளாமைக் காலம் முழுக்கக் காத்திருந்தார்களாம்.

அந்தக் கங்காணியும் அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்தான். தோட்டத் துரை கொடுத்த லைசென்சோடு சொந்த ஊருக்கு வந்து, உறவிலும் தெருவிலும் ஆள் சேர்ப்பார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், இரண்டு ஆர்க்காடுகள், இவைதான் மலாயாத் தோட்டங்களுக்கு அதிகம் ஆள் அனுப்பிய ஜில்லாக்கள். கூட்டிப்போன ஒவ்வொருவரும் வேலை செய்த நாளுக்கெல்லாம் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. பெண்டாட்டியும் வந்தால் தலை இரண்டு. தோட்டத்துக்கோ, கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒரே அறையில் இரண்டு ஆள் வேலை கிடைத்துவிடும். பெண்களை அழைத்ததில் இரக்கம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கங்காணி முறைக்கு முந்தைய ஒப்பந்தக் கூலி முறையில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று சட்டம் இருந்தது. 1860-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ‘ட்ரூரோ’ தொடங்கி, எத்தனையோ கப்பல்களில் ஆண்களே மிகுதி. கங்காணி காலத்தில்தான், அதிலும் 1930-களில், எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்தே போகத் தொடங்கின.

ஊர் மணியக்காரர் கையெழுத்து வேண்டும். அது முடிந்து திண்டிவனத்தில் ரயிலேறி எழும்பூர், அங்கிருந்து ஆவடி முகாம். அம்மை குத்தி, உடம்பு சோதித்து, கப்பல் வரும்வரை அங்கேயே வைத்திருப்பார்கள். “ஊர விட்டு வந்தது கூட வலிக்கலடா, ஆவடியில சும்மா குந்திக்கினு இருந்ததுதான் வலிச்சுது” என்று ஆயா சொல்லும்.

கப்பல் ‘ராஜுலா’. 1926-இல் ஓடத் தொடங்கியது. மேல்தளப் பயணிகள் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல் ஏறலாம். சென்னையில் கிளம்பி வழியில் நாகப்பட்டினத்தில் நிற்கும். அங்கே கரையை ஒட்டி நிற்க முடியாது, படகில் போய்த்தான் ஏறுவார்கள். அங்கே ஏறிய கூட்டத்துக்கு இடம் விட்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பாயில் நெருங்கி உட்கார்ந்தார்களாம். பினாங்கில் இறங்குகிறவர்களை முதலில் ஜெரெஜாக் தீவில் தனியே தங்கவைப்பார்கள்.

ஆயா போன வருஷம் தோட்டக் கூலி ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, ஒரே நிரையில் இருவரும் பால்மரம் வெட்டினாலும் அந்தப் பத்துக் காசு வித்தியாசம் போகாது. கடைசிவரை அது ஆயாவுக்கு ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை. 1938-இல் அதையும் 45, 36 என்று குறைத்தார்கள். அந்த ஜூனில் இந்திய அரசு, தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப் போவதையே நிறுத்திவிட்டது. அடுத்த கப்பலில் வருவதாக இருந்த ஆயாவின் தங்கையும் அவள் புருஷனும் வல்லத்திலேயே தங்கிவிட்டார்கள். அக்கா தங்கை அதற்குப் பிறகு பார்த்துக்கொண்டது 1950-களில், ஆயாவும் தாத்தாவும் அதே ராஜுலாவில் ஊர் பார்க்க வந்தபோதுதான்.

இடையில் ஜப்பான்காரன் காலம். 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதைக்குத் தோட்டத்து ஆண்களைப் பிடித்துப் போனார்கள், ஏராளமானவர்கள் திரும்பவில்லை. தாத்தா காட்டுக்குள் ஒளிந்து பிழைத்தார். லயத்தில் தனித்து நின்ற பெண்கள் மரவள்ளிக்கிழங்கு போட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் இவர்களுக்கு இன்னும் நிறைய இடம் கொடுக்க வேண்டும்.

எழுபதுகளில் ராஜுலாவுக்குப் பதில் ‘சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு பயணிகள் கப்பல் நின்றது. இப்போது எங்கள் பக்கத்துப் பையன்கள் விமானத்தில் சில மணி நேரத்தில் சிங்கப்பூர் போய்விடுகிறார்கள். கட்டட வேலைக்கான பெர்மிட்டில் பெண்டாட்டியை உடன் அழைத்துப்போய்க் குடும்பம் நடத்த அனுமதி கிடையாது. கல்யாணமான பத்தாம் நாள் புருஷனை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு, திண்டிவனத்தில் பஸ் மாறி வல்லத்துக்குத் திரும்புகிற பெண்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.